வடக்கில் ஒரு அமைச்சர்: கட்சியே இல்லாத சபையில் அவர் யாருக்குப் பதில் சொல்வார்?

மஞ்சக்கத்தி எழுதியது:

யெல்லோநைஃபுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஊர்ப்பெயரைத் தமிழாக்கிப் பாருங்கள், என் புனைபெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியும். கனடாவின் வடமேற்குப் பிரதேசத்துக்கு இதுதான் தலைநகரம். பரப்பில் தமிழ்நாட்டைப் போல் பத்து மடங்கு. ஆட்களோ, 2021 கணக்கெடுப்பின்படி 41,070 பேர். அதில் பாதிப் பேர் இந்த ஒரே ஊரில், மீதிப் பேர் 32 ஊர்களில்.

போன வாரம் மளிகைக் கடையில் ஒரு காட்சி. உறைந்த பட்டாணி வைத்திருக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு அமைச்சர் கூடையோடு நிற்கிறார். கூட யாரும் இல்லை. டெனே பழங்குடி இனத்துப் பாட்டி ஒருவர் நேராக அவரிடம் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தெற்கே ஆல்பர்ட்டா மாகாணத்து எட்மன்டன் ஆஸ்பத்திரிக்குத் தன்னோடு துணைக்கு வர மகளுக்கு அனுமதி கிடைக்கவில்லை என்று ஆரம்பித்தார். பத்து நிமிடம் விடவில்லை. அது அவர் துறையே இல்லை. ஆனாலும் அதைச் சொல்லித் தப்பிக்காமல், மளிகைச் சீட்டின் பின்பக்கம் பாட்டியின் போன் எண்ணைக் குறித்துக்கொண்டார். பட்டாணி இளகிக்கொண்டிருந்தது.

அப்போது வந்த யோசனைதான் இந்த இழை. இங்கே கட்சி கிடையாது. 19 உறுப்பினர்களும் தனித்தனியாக நின்று ஜெயித்தவர்கள். இவரை அமைச்சராக்கியது அந்தப் பாட்டி இல்லை, முதல்வரும் இல்லை, சபையின் மற்ற உறுப்பினர்கள். அப்படியானால் இவர் யாருடைய ஆள்? தொகுதிக்கா, துறைக்கா, ஓட்டுப் போட்டு நாற்காலி கொடுத்த சக உறுப்பினர்களுக்கா?

---

வன்னிக்காற்று எழுதியது:

தலைப்பில் "வடக்கு" என்று கண்டதும் இலங்கையில் எங்கட வட மாகாண சபை பற்றியாக்கும் என்று ஓடி வந்தேன். 2018இல் காலம் முடிந்த சபைக்கு இன்னும் தேர்தலே இல்லை, இதில் அமைச்சர் எங்கே என்று யோசித்தேன். சரி, பனிக்குள்ளேயே போவோம். ஒரு கேள்வி. கட்சி இல்லை என்றால் முதல்வரை யார் தெரிவு செய்கிறார்கள்?

---

சட்டப்புத்தகம் எழுதியது:

வன்னிக்காற்று அண்ணா, இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும்.

தேர்தல் முடிந்ததும் 19 பேரும் கூடுவார்கள். முதலில் சபாநாயகர். அப்புறம் முதல்வர் பதவிக்கு விருப்பம் உள்ளவர்கள் எழுந்து பேச வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். இது மக்கள் பார்க்கும்படி நடக்கும். வாக்கு மட்டும் ரகசியம். அப்புறம் இதே முறையில் ஆறு அமைச்சர்கள். வடக்கே உள்ள தொகுதிகளிலிருந்து இருவர், தெற்கிலிருந்து இருவர், யெல்லோநைஃபிலிருந்து இருவர் என்பது எழுதாத வழக்கம். யாருக்கு எந்தத் துறை என்பதை மட்டும்தான் முதல்வர் முடிவு செய்வார். அதாவது ஒருவர் அமைச்சராகத் தேர்வாகும் நிமிடத்தில் தனக்குக் கல்வியா, சாலையா, சிறைச்சாலையா என்றே அவருக்குத் தெரியாது.

இனி கணக்கைப் பாருங்கள். முதல்வரோடு சேர்த்து அமைச்சரவையில் 7 பேர். சபாநாயகர் 1. மீதம் 11 பேர் சாதாரண உறுப்பினர்கள். அமைச்சரவை எப்போதும் சிறுபான்மை! எந்த மசோதாவானாலும், பட்ஜெட்டானாலும், அந்தப் பதினொருவரில் சிலரைப் பேசிச் சம்மதிக்க வைக்காமல் ஒரு அடி நகர முடியாது. கொறடா இல்லை, கட்சித் தாவல் இல்லை. அமைச்சரை நீக்குவதும் முதல்வர் கையில் இல்லை. துறையைப் பறிக்கலாம், ஆனால் அமைச்சர் பதவியை ரத்து செய்ய சபை ஓட்டுப் போட வேண்டும். 2020 ஆகஸ்டில் கட்ரீனா நோக்லெபியை அமைச்சரவையிலிருந்து நீக்கியது அப்படித்தான்.

கிழக்கே நூனவுட்டிலும் இதே முறைதான். 1999இல் இதே பிரதேசத்திலிருந்து பிரிந்து போன பகுதி. அங்கே 2018 ஜூனில் முதல்வர் பால் குவாசாவையே உறுப்பினர்கள் இறக்கினார்கள், பதவிக்கு வந்து ஏழே மாதத்தில். மேற்குப் பக்கத்து யூகானில் மட்டும் 1978 முதல் கட்சி அரசியல்.

ஆக, மஞ்சக்கத்தியின் கேள்விக்குச் சட்டப்படி பதில்: அமைச்சர் சபைக்குப் பதில் சொல்கிறார்.

---

மதுரைக்காரன் எழுதியது:

கேட்க ரொம்ப அழகா இருக்கு. எனக்கு ஒரு சந்தேகம். ஆட்சி சரியில்லை என்றால் நான் யாரைத் தோற்கடிப்பது? கட்சி இருந்தால் மொத்தமாக மாற்றிவிடலாம். இங்கே என் தொகுதி உறுப்பினர் நல்லவர், அமைச்சரவையில் இருக்கும் ஏழு பேரும் வேறு தொகுதி. அவர்கள் மேல் எனக்கு ஓட்டே கிடையாதே! முதல்வர் வேட்பாளர் யார் என்று தெரியாமலே ஓட்டுச் சாவடிக்குப் போகச் சொல்கிறீர்கள்.

---

ஹேரிவர் டிரக் எழுதியது:

நான் பதினோரு வருடமாக இந்தப் பிரதேசத்துச் சாலைகளில் லாரி ஓட்டுகிறேன். சட்டம் எனக்குத் தெரியாது, ஆறு தெரியும். அந்த ஏழு பேருக்கு மதிப்பெண் போடுவது ஓட்டுச் சாவடி இல்லை, மெக்கென்சி ஆறு. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

முன்பு அமைச்சராக இருந்த ஷேன் தாம்ப்சனை எடுத்துக்கொள்ளுங்கள். நஹெண்டே தொகுதி. ஃபோர்ட் சிம்ப்சன், ஃபோர்ட் லியார்ட், ரிக்லி, ஜீன் மேரி ரிவர், நஹானி பியூட், சாம்பா கே என்று ஆறு ஊர். இதில் சாம்பா கே ஊருக்கும் நஹானி பியூட்டுக்கும் குளிர்காலத்தில் உறைந்த நிலத்தின் மேல் போடும் பாதைதான், கோடையில் லாரி போகாது. ஃபோர்ட் சிம்ப்சனுக்கு நெடுஞ்சாலை உண்டு, ஆனால் குறுக்கே லியார்ட் ஆறு. கோடையில் ஃபெர்ரி, குளிரில் பனிப்பாலம். பனி உடையும் சில வாரமும் உறையும் சில வாரமும் இரண்டும் கிடையாது, வண்டி இந்தக் கரையிலேயே நிற்கும். பால், முட்டை எல்லாம் விமானத்தில் வரும். அந்த வாரத்தில் முட்டை விலையைக் கேட்டால் கோழியே வெட்கப்படும்.

2015இல் உறுப்பினர் ஆனார். 2019இல் அமைச்சர், சுற்றுச்சூழல் துறை. 2021 மே மாதம் பனி உடைந்து கட்டிகள் அணை மாதிரி அடைத்துக்கொண்டு, ஃபோர்ட் சிம்ப்சனுக்குள்ளும் ஜீன் மேரி ரிவருக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. லியார்டும் மெக்கென்சியும் கூடும் இடத்தில் ஒரு தீவில் இருக்கிறது சிம்ப்சன். இப்போது சொல்லுங்கள், அந்த வாரம் அவர் அமைச்சரா, ஊர்க்காரரா? அப்புறம் உள்ளாட்சித் துறையும் அவர் கைக்கு வந்தது. பேரிடர் என்றால் அந்தத் துறைதான் முன்னால் நிற்கும். 2022 மே மாதம் எங்கள் ஹே ரிவருக்கு வெள்ளம், ஊரே காலி. 2023இல் காட்டுத்தீ. ஆகஸ்ட் 16 மாலை யெல்லோநைஃபைக் காலி செய்யச் சொல்லி அறிவித்தவரும் அவரே. 20,000 பேர்.

எங்களுக்கு அதற்கு மூன்று நாள் முன்பே, ஆகஸ்ட் 13. ஃபைபர் கேபிள் தீயில் எரிந்து போனும் இல்லை, இணையமும் இல்லை. அண்டை வீட்டுக்காரர் கதவைத் தட்டித்தான் தெரிந்தது. என்டர்பிரைஸ் ஊர் வழியாக வந்தேன். இரண்டு பக்கமும் நெருப்பு, பகல் மூன்று மணிக்கு ஹெட்லைட் போட்டும் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு தெரியவில்லை. நிறுத்திப் பார்த்தபோது பம்பர் பிளாஸ்டிக் ஜவ்வு மாதிரி தொங்கியது. நாங்கள் கடந்த பிறகு அந்த ஊரில் பெரும்பகுதி எரிந்து போனது.

---

மஞ்சக்கத்தி எழுதியது:

ஹேரிவர் டிரக் அண்ணே, நீங்களும் அதில் வந்தீர்களா! நாங்கள் 17ஆம் தேதி விடியற்காலை கிளம்பினோம். தேர்தலையே அக்டோபர் 3இலிருந்து நவம்பர் 14க்குத் தள்ளி வைத்தார்கள். பிரதேசத்தில் சுமார் 70 சதவீதம் பேர் வீட்டை விட்டு வெளியே இருந்தார்கள், யார் வீடு வீடாக ஓட்டு கேட்பது?

---

மதுரைக்காரன் எழுதியது:

வருத்தமான அனுபவம்தான் அண்ணே, மறுக்கவில்லை. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. இவ்வளவு நடந்த பிறகு அந்த அமைச்சர் என்ன ஆனார்?

---

ஹேரிவர் டிரக் எழுதியது:

நவம்பரில் அதே தொகுதியில் மறுபடி ஜெயித்தார். டிசம்பரில் உறுப்பினர்கள் அவரைச் சபாநாயகர் ஆக்கினார்கள்.

---

மதுரைக்காரன் எழுதியது:

பார்த்தீர்களா! எங்கள் ஊரில் ஒருவரை ஓரங்கட்ட வேண்டும் என்றால் சபாநாயகர் ஆக்குவார்கள். இது தண்டனையா, பரிசா?

---

சட்டப்புத்தகம் எழுதியது:

இரண்டும் இல்லை. சபாநாயகரை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பதால் அது நம்பிக்கை சம்பந்தப்பட்டது. ஆனால் உங்கள் அடிப்படைக் குறை நியாயமானது, அதை நான் மழுப்பப் போவதில்லை. இன்னொரு குறையும் உண்டு, நீங்கள் இன்னும் தொடவில்லை, நானே எடுத்துக் கொடுக்கிறேன். பட்ஜெட் வரைவு, மசோதா யோசனை எல்லாம் சபைக்கு வரும் முன்பே நிலைக்குழுக்களிடம் ரகசியமாகக் காட்டப்படும். உறுப்பினர் அங்கேயே சண்டை போட்டு, தன் ஊருக்கு ஒரு பள்ளிக்கூடத்தையோ நர்ஸையோ வாங்கிவிடுவார். சபையில் நாம் பார்ப்பது பாதி ஏற்கெனவே முடிந்த பேரம். இணக்கம் என்ற நல்ல பெயரில் கதவு சாத்தியிருக்கிறது என்று விமர்சிப்பவர்கள் இங்கேயே நிறைய. காட்டுத்தீ பற்றி பொது விசாரணை வேண்டும் என்ற குரலும் சபைக்குள்ளிருந்தே எழுந்தது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

பழைய ரேடியோ எழுதியது:

தம்பிமாரே, ஒருவரை விட்டுவிட்டீர்கள். நெல்லி கூர்நோயா. 1940இல் ஆக்லவிக்கில் பிறந்தவர். இனுவிக் ஊரில் சிபிசி என்ற கனடாவின் பொது ஒலிபரப்பு வானொலி நிலையத்தில் வேலை பார்த்தவர், நிலைய மேலாளராகவும் இருந்தவர். நானும் ஒலிபரப்பில் காலம் தள்ளியவன், அதனால் ஒரு பிரியம். இனுவியலுயிட் என்ற ஆர்க்டிக் பழங்குடி மக்களின் நில உரிமைக்காகப் பாடுபட்ட அமைப்பில் ஆரம்பத்திலிருந்தே இருந்தார். 1979இல் சட்டமன்றத்துக்கு வந்து, பிறகு அமைச்சராகப் பல துறைகள் பார்த்து, 1991இல் முதல்வர். கனடாவில் பழங்குடிப் பெண் ஒருவர் முதல்வரானது அதுவே முதல் தடவை. நூனவுட் பிரிவதற்கான ஒப்பந்தம் 1993இல் கையெழுத்தானது அவர் காலத்தில்தான். பாதிப் பிரதேசத்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலையை நடத்திய முதல்வர் என்றால் யோசித்துப் பாருங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. அவருடைய தொகுதி ஆர்க்டிக் கடற்கரை. இன்றைக்கு நுனாக்புட் என்று பெயர்: டுக்டோயாக்டுக், பவுலடுக், சாக்ஸ் ஹார்பர், உலுக்ஹாக்டோக். சாக்ஸ் ஹார்பரில் 2021இல் 104 பேர். நூறு பேர் ஊருக்குப் போய் வர விமானம். வானிலை கெட்டால் அங்கேயே தங்க வேண்டும். அங்கே தங்கும் உறுப்பினரிடம் கட்சிக் கொள்கை என்ன என்று எவரும் கேட்கப் போவதில்லை. டீசல் எப்போது வரும், நர்ஸ் எப்போது வருவார், வீட்டு பாய்லரை யார் சரி செய்வார், இதுதான் கேள்வி. 2018இல் பவுலடுக்குக்குப் போக வேண்டிய பார்ஜ் படகு பனியில் சிக்கிப் போகவே முடியவில்லை. சரக்கையெல்லாம் பிறகு விமானத்தில் ஏற்றினார்கள். அந்தப் படகுச் சேவை அரசாங்கத்தின் சொந்தச் சேவை! நஷ்டத்தில் மூழ்கிய தனியார் கம்பெனியின் படகுகளை அரசே வாங்கி நடத்துகிறது. ஆக, ஒருவருடைய ஸ்னோமொபைல் வராததற்கு உட்கட்டமைப்பு அமைச்சர் சபையில் எழுந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று. வேறு எந்த நாட்டு அமைச்சருக்கு இந்தப் பாக்கியம்?

---

வன்னிக்காற்று எழுதியது:

ஐயா, அருமை. எங்கட ஊரிலே மாகாண சபைக்கு மேலே ஆளுநர் இருந்து கையெழுத்து வைக்க மாட்டேன் என்பார். இங்கே அப்படி யாரும் இல்லையோ?

---

சட்டப்புத்தகம் எழுதியது:

ஆணையர் ஒருவர் உண்டு. இன்று பெரும்பாலும் சம்பிரதாயப் பதவி. முன்னே அப்படி இல்லை. 1975இல்தான் சபை முழுவதும் தேர்தலால் அமைந்தது. அதற்குப் பிறகும் பல வருடம் ஆணையரே ஆட்சிக்குழுவுக்குத் தலைமை. ஒட்டாவாவிடமிருந்து, அதாவது மத்திய அரசிடமிருந்து, ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கியதுதான் இந்த அதிகாரம். நிலமும் கனிமமும் 2014 ஏப்ரல் 1இல்தான் கைக்கு வந்தன. மாகாணம் என்றால் அதிகாரம் அரசியல் சாசனத்தில் இருக்கும், பிரதேசம் என்றால் மத்திய சட்டம் கொடுத்தது. பணமும் பெரும்பகுதி ஒட்டாவாவிலிருந்தே. எனவே அமைச்சர் வேலையில் பாதி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒட்டாவாவுக்குப் போய் நிற்பது.

---

சாக்பீஸ் எழுதியது:

ஆசிரியை பேசுகிறேன். மூன்று வருடம் அங்கே ஒரு சின்ன ஊரில் பாடம் எடுத்தேன், இப்போது ஸ்கார்பரோ. ஊர்ப் பெயரைச் சொன்னால் யார் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள், அவ்வளவு சின்ன ஊர்.

கல்வி அமைச்சர் என்றால் என்ன செய்வார் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். நாற்பதாயிரம் பேருக்குத் தனியாகப் பாடத்திட்டம் எழுதி, தேர்வு வைத்து, புத்தகம் அச்சிட முடியாது. அதனால் பல பத்தாண்டுகளாக ஆல்பர்ட்டாவின் பாடத்திட்டத்தை வாங்கி ஓட்டினார்கள். 2021 டிசம்பரில், அப்போதைய கல்வி அமைச்சர் ஆர். ஜே. சிம்ப்சன், இனி பிரிட்டிஷ் கொலம்பியாவின் பாடத்திட்டம் என்று அறிவித்தார். பழங்குடி அறிவை அது இன்னும் நன்றாக உள்ளே கொண்டுவருகிறது என்பது முக்கியக் காரணம். எனக்கு அந்த முடிவு பிடித்தது. ஆனால் வகுப்பில் நின்றவளுக்குத் தெரியும், அலமாரி நிறைய ஆல்பர்ட்டா புத்தகம், கையில் புது வழிகாட்டி, ஒரே அறையில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை பிள்ளைகள். மே மாதம் வாத்து வேட்டைக்குக் குடும்பத்தோடு போய்விடுவார்கள், வகுப்பில் நான்கு பேர்தான் இருப்பார்கள். அதையும் பாடம் என்று கணக்கில் எடுக்கலாமா என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

ஒரு நாள் அமைச்சர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். யார் என்று சொல்ல மாட்டேன். சின்ன விமானம், நாற்பது நிமிடத்தில் திரும்பணும். ஒரு எட்டு வயதுப் பையன் கேட்டான்: "எங்க ஜிம் ஹீட்டர் ஏன் கத்துது?" அமைச்சர் கூட வந்தவரைப் பார்த்தார், அவர் தலைமையாசிரியரைப் பார்த்தார், தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் வேண்டுகோள் கடிதம் எழுதி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இரண்டு மாதத்தில் ஹீட்டர் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

---

மதுரைக்காரன் எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னது என் வாதத்துக்குத்தான் பலம். பையன் கேட்டால் ஹீட்டர், கடிதம் எழுதினால் ஒன்றரை வருடம். இது நிர்வாகம் இல்லை, தெரிந்த முகத்துக்குச் சலுகை. அந்த மளிகைக் கடைப் பாட்டி யெல்லோநைஃபில் இருந்ததால் அமைச்சரைப் பிடித்தார். சாக்ஸ் ஹார்பரில் இருக்கும் பாட்டி எந்தப் பட்டாணிப் பெட்டி முன்னால் போய் நிற்பார்?

---

பழைய ரேடியோ எழுதியது:

இது நல்ல அடி, மதுரைக்காரரே. எனக்குச் சட்டென்று பதில் இல்லை. ஆனால் ஒன்று. சாக்ஸ் ஹார்பர் பாட்டியின் உறுப்பினர் அந்தப் பதினொருவரில் ஒருவராக இருந்தால், சபை கூடும் ஒவ்வொரு நாளும் இரண்டரை நிமிடம் எழுந்து பேச அவருக்கு உரிமை. அதில் பாட்டியின் கதையைச் சொல்வார். உடனே கேள்வி நேரத்தில் அதே விஷயத்தை அமைச்சரிடம் கேட்பார். அமைச்சர் தன் பட்ஜெட்டுக்கு இதே ஆளின் ஓட்டை நம்பியிருக்கிறார். என்னுடைய கணிப்பில், இங்கே அமைச்சராவதைவிட நல்ல சாதாரண உறுப்பினராக இருப்பதில் வலு அதிகம்.

---

சட்டப்புத்தகம் எழுதியது:

அதோடு மொழியையும் சேருங்கள் ஐயா. 11 அதிகாரபூர்வ மொழிகள், அதில் 9 பழங்குடி மொழிகள். உறுப்பினர் தன் மொழியில் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் கண்ணாடி அறையிலிருந்து சொல்வார். சபையின் செங்கோலுக்குள் ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒன்றாக 33 கூழாங்கற்களைப் போட்டிருக்கிறார்கள். தூக்கி நடக்கும்போது உள்ளே கற்கள் உருளும் சத்தம் கேட்கும். சாக்ஸ் ஹார்பர் கல்லும் அதில் உண்டு.

---

மதுரைக்காரன் எழுதியது:

கல் சத்தம் போடுகிறது சரி. பாட்டிக்கு டிக்கெட் போடுமா?

---

சாக்பீஸ் எழுதியது:

இதற்கு நான் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும் சட்டப்புத்தகம்.

---

ஹேரிவர் டிரக் எழுதியது:

அந்தக் கல்வி அமைச்சர் சிம்ப்சன் எங்கள் ஊர்க்காரர், ஹே ரிவர் வடக்குத் தொகுதி. 2023 டிசம்பரில் உறுப்பினர்கள் முதல்வராக்கினார்கள். மறு வருடமே மெக்கென்சியில் தண்ணீர் வற்றி, நார்மன் வெல்ஸ் பக்கம் பார்ஜ் போக முடியவில்லை. எரிபொருளை விமானத்தில் ஏற்றினால் விலை எங்கே போகும் என்று சொல்லவா வேண்டும்? 2022இல் தண்ணீர் அதிகமாகிப் பிரச்சினை, 2024இல் தண்ணீர் இல்லாமல் பிரச்சினை. நான் முதலிலேயே சொன்னேன், மதிப்பெண் போடுவது ஆறு என்று. இப்போது ஆற்றில் பனி கறுக்க ஆரம்பித்துவிட்டது. கிளம்புகிறேன், லியார்ட் பனிப்பாலத்தை மூடும் முன் ஒரு லோடு பாக்கி.

---

மஞ்சக்கத்தி எழுதியது:

பார்த்துப் போங்கள் அண்ணே.

ஒரு செய்தி சொல்ல வந்தேன். நேற்று அந்தப் பாட்டியைத் தபால் அலுவலகத்தில் பார்த்தேன். மகளுக்கு அனுமதி கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்துவிட்டதாம். அமைச்சர் போன் செய்தாரா என்றேன். இல்லையாம். மருமகள் நாலு தடவை போன் போட்டு, ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸைப் பிடித்து, புதுப் படிவம் நிரப்பி வாங்கினாளாம்.

---

மதுரைக்காரன் எழுதியது:

அப்போ அந்த மளிகைச் சீட்டு?

---

மஞ்சக்கத்தி எழுதியது:

அதையும் கேட்டேன். "அவன் சட்டைப்பையில் இருக்கும், அடுத்த தடவை கடையில் பார்க்கும்போது கேட்கிறேன்" என்றார்.